பத்து ஜோடியைக் கவிழ்த்து வைப்பதும் ஆட்டம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையச் சூதாட்டம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பணத்தைத் தொலைத்த குடும்பங்களைப் பற்றி எழுதியது அத்தனையும் சரி. ஆனால் போகிற போக்கில், போக்கர் சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தவன் ஜெயிப்பான், வராதவன் தோற்பான், அவ்வளவுதான் என்கிற மாதிரி ஒரு வரி வருகிறதே, அது இரண்டு நாளாக உறுத்துகிறது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொன்னபோது என் அக்கா மகனும் இதையேதான் கேட்டான்: "குலுக்கிப் போடுற சீட்டுல என்ன மாமா திறமை?"

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து ஆடுவோம். காசு கிடையாது, ஆளுக்கு 200 புளியங்கொட்டை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ததே, அதை நீக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

கைக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கையில் ஏஸ் ஜோடி, அதாவது இரண்டு சீட்டும் ஏஸாக, வந்தால் யோசிக்க எதுவும் இல்லை. தொல்லையெல்லாம் எட்டு ஜோடியிலிருந்து ஜாக்கி ஜோடி வரைக்கும்தான். பார்க்க அழகாக இருக்கும், விட மனசு வராது, ஆனால் பொதுச் சீட்டு ஒன்றுகூடத் திறக்கும் முன்பே எதிரே இரண்டு பேர் மாறி மாறிப் பந்தயத்தை ஏற்றுகிறார்கள் என்றால் அந்த அழகுக்கு மதிப்பு என்ன?

ஒரு கையைச் சொல்கிறேன். என்னிடம் ஜாக்கி ஜோடி. நான் 6 கொட்டை வைத்தேன், எதிரில் இருந்தவர் 20 ஆக்கினார், நான் 46, அவர் உடனே 200-ஐயும் தள்ளிவிட்டார். மற்றவர்கள் விட்டுப்போன 3 கொட்டையும் சேர்த்து நடுவில் 249 கிடக்கிறது, நான் இன்னும் 154 போட வேண்டும். நான் போட்டால் மொத்தம் 403, அதில் 154 என்னுடையது; கணக்குப் போட்டால், நூற்றுக்கு 38 தடவையாவது நான் ஜெயித்தால்தான் போடுவது நியாயம். அவர் ராணி, ராஜா, ஏஸ் ஜோடிகளுக்கும் ஏஸ்-ராஜாவுக்கும் மட்டுமே இப்படித் தள்ளுகிற ஆள் என்று வையுங்கள். அந்த மூன்று ஜோடிகளும் 18 விதமாக வரலாம், ஏஸ்-ராஜா 16 விதமாக. ஜோடிகளிடம் நான் ஐந்தில் ஒரு தடவைதான் பிழைப்பேன், ஏஸ்-ராஜாவிடம் பாதிக்குக் கொஞ்சம் மேலே. எல்லாம் சேர்த்தால் சுமார் 36 வருகிறது. அதாவது சீட்டைக் கவிழ்த்து வைத்து அந்தக் கையை விட்டுவிட வேண்டும், மயிரிழையில். ஆனால் அதே மனிதர் பத்து ஜோடிக்கும், ஒரே ஜாதியில் ஏஸ்-ராணி வந்தாலும் தள்ளுவார் என்றால் என் பங்கு 44-க்கு ஏறிவிடும், அப்போது போட்டே ஆக வேண்டும். சீட்டு மாறவில்லை, எதிரே இருக்கிற ஆள்தான் மாறினார். மாதக்கணக்கில் அவர் எதற்கு ஏற்றினார், எதற்குப் பேசாமல் இருந்தார் என்று பார்த்து வைத்திருந்தால்தானே இது தெரியும்?

சரி, ஆல்-இன், அதாவது கையில் உள்ள மொத்தத்தையும் தள்ளுவது, இல்லாமல் வெறுமனே சேர்ந்து பார்க்கலாமே என்பார்கள். முதலில் அமர்ந்தவர் ஏற்ற, அடுத்தவர் அதற்கும் மேல் 20 ஆக்க, கடைசியில் பத்து ஜோடியோடு நான். முதல் மூன்று பொதுச் சீட்டில் இன்னொரு பத்து விழ வாய்ப்பு நூற்றுக்கு 12-தான். பத்தைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழ வாய்ப்போ கிட்டத்தட்ட 70, விழுந்தால் அடுத்த ஏற்றத்துக்கு என்ன செய்வது என்றே தெரியாமல் முழிக்க வேண்டும். போதாததற்கு முதலில் ஏற்றியவர் திரும்பவும் ஏற்றலாம். எங்களில் பலர் இந்த இடத்தில்தான் கொட்டையை இறைக்கிறார்கள், நானும் வருஷக்கணக்கில் இறைத்திருக்கிறேன், இத்தனை நேரம் காத்திருந்து வந்த ஜோடியை எப்படி விடுவது என்ற ஒரே நினைப்பில். அதே பத்து ஜோடி, கையில் 25 கொட்டைதான் மிச்சம், முன்னால் யாரும் ஏற்றவில்லை என்றால் நான் யோசிக்காமல் மொத்தத்தையும் தள்ளிவிடுவேன்.

அக்கா மகனுக்கு இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். இப்போது அவன்தான் எங்கள் ஆட்டத்தில் அதிகம் கவிழ்த்து வைக்கிறவன்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் சதுரங்கப் புதிர் வருகிற பக்கத்தில் மாதம் ஒரு போக்கர் கையையும் புதிராகப் போடுங்கள். இந்த ஜாக்கி ஜோடியையே முதல் புதிராக வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
திருச்சி.