ஒளிவினையூக்கிப் பூச்சு உரிந்த ரியாக்டரை மாற்றித் தரக் கோரி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டைட்டானியம் டைஆக்சைடு பூசிய சிறு ரியாக்டர் பற்றிய இரண்டாவது புகார்

ஐயா / அம்மையீர்,

கரைசலில் உள்ள மாசை ஒளியின் உதவியால் சிதைக்க உங்களிடம் வாங்கிய கண்ணாடி ரியாக்டரில், திரவம் ஓடும் நுண்தடங்களின் பூச்சு உரிந்துகொண்டே இருக்கிறது. சுவரில் நிற்க வேண்டிய வெள்ளைத் துகள், வெளியேறும் கரைசலைப் பால்போலக் கலங்கடித்து வடிகட்டியை அடைக்கிறது.

முதல் புகாருக்கு, "திரவத்தை அதிக வேகத்தில் செலுத்தியிருப்பீர்கள்" என்று பதில் எழுதியிருந்தீர்கள். உங்கள் கையேட்டில் உள்ள உச்ச வேகத்தில் பாதியைக்கூட நாங்கள் எட்டவில்லை. அது கிடக்கட்டும், இணைத்துள்ள படத்தைப் பாருங்கள். தாங்கிச் சட்டம் மறைக்கும் பகுதியில் பூச்சு புதிதுபோல இருக்கிறது. 365 நானோமீட்டர் புற ஊதா எல்இடி ஒளி பட்ட பகுதி மட்டுமே உரிந்திருக்கிறது. இரண்டிலும் ஓடியது ஒரே தடத்தில், ஒரே வேகத்தில், ஒரே திரவம்தான். ஓட்டம் அரித்திருந்தால் மறைவான பகுதியை மட்டும் எப்படி விட்டுவைத்தது?

துகள்களை ஒட்டக் கரிமப் பிசின் சேர்த்திருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறோம். புற ஊதா ஒளி பட்டால் டைட்டானியம் டைஆக்சைடின் பரப்பில் எதனோடும் எளிதில் வினைபுரியும் ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் உருவாகும். கரைசலில் உள்ள மாசைச் சிதைக்கும் அவை, ஒட்டியிருக்கும் பிசினையும் சேர்த்தே சிதைக்கும். ஒளிவினையூக்கி விற்பவர்களுக்கு இதை நாங்கள் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான். விவரத்தாளில் "450 டிகிரி செல்சியஸில் சுட்ட பூச்சு" என்று இருக்கிறது. காற்றில் அந்தச் சூட்டுக்கு அத்தகைய பிசின் எரிந்து போயிருக்கும். அப்படியானால் எங்களுக்கு வந்தது சுட்ட பூச்சுதானா?

சோதனைச் சான்றிதழிலும் குறை உண்டு. மெத்திலீன் புளூவின் நீலம் குறைந்ததையே செயல்திறனாகக் காட்டியுள்ளீர்கள். அந்தச் சாயம் பூச்சின் மேல் படிந்தாலே கரைசல் வெளிறும். அதற்கு ஒளி வேண்டாம். எங்கள் ரியாக்டரிலும் விளக்கைப் போடும் முன்பே நீலம் கணிசமாகக் குறைந்தது. இருட்டில் எடுத்த ஒப்பீட்டு அளவு சான்றிதழில் எங்கே?

பிசின் இல்லாமல் சுட்ட பூச்சுள்ள ரியாக்டரை, இருட்டிலும் ஒளியிலும் எடுத்த அளவுகளோடு அனுப்புங்கள். இயலாவிட்டால், அடைபட்ட வடிகட்டிகளின் விலையையும் சேர்த்து முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள். "உத்தரவாதம் பூச்சுக்குப் பொருந்தாது" என்ற பதிலை ஏற்க மாட்டோம்; பூச்சுக்காகத்தானே இதை வாங்கினோம்.

பழைய ரியாக்டரையும் உரிந்த துகளையும் கழுவாமல் எடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் செலவில் ஆளனுப்பிப் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்