சாவியை என்னிடம் தர வேண்டாம், திடலைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வார்டு விளையாட்டுத் திடல் பூட்டிக் கிடப்பது தங்களுக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் மூன்று மனு கொடுத்துவிட்டேன். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. பூட்டும் அதன் இடத்தில் இருக்கிறது.

ஏழு வருஷமாக மாலை நேரத்தில் அங்கே பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுத்து, ஓரத்துக் கொட்டகையில் பாடமும் நடத்தி வந்தேன். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன் என்று நாலு பேரிடம் சொன்னேன். அந்த வாரமே அலுவலர் ஒருவர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். “தேர்தல் நேரம்மா, எங்களுக்குப் பிரச்சினை ஆயிடும்” என்றார். தேர்தல் தேதியே அறிவிக்கவில்லை. தேதி அறிவித்த பிறகுதான் நடத்தை விதிகள் வரும் என்று எங்கள் தெரு டீக்கடைக்காரருக்கே தெரியும்.

சரி, என்மேல் சந்தேகம் என்றால் இருக்கட்டும். எனக்குச் சாவி வேண்டாம். மாலை நான்கிலிருந்து எட்டு வரை உங்கள் காவலாளியே திறந்து, உங்கள் காவலாளியே பூட்டட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இப்போது வகுப்பு ரேஷன் கடைத் திண்ணையில் நடக்கிறது. பையன்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். தெருவே அவர்களுக்குத் திடல். பெண் பிள்ளைகளின் பாடுதான் சொல்ல முடியவில்லை. கழிப்பறை திடலுக்குள் இருக்கிறது. எட்டாவது படிக்கும் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நிரப்பாமலே வருவதைப் பார்த்து ஏன் என்று கேட்டேன். “குடிச்சா போகணும்க்கா” என்றாள். மதியச் சாப்பாட்டோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறார்களாம், அவளும் அவள் கூட்டாளிகளும். சித்திரை வெயில் வரட்டும், அப்போது என்ன செய்வார்கள்? போன வாரம் அவள்தான் அவசரத்துக்குக் கேட் ஏறினாள். மேல் கம்பி உள்ளங்கையைக் கிழித்து நான்கு தையல். அலுவலகத்தில் போய்ச் சொன்னால், பூட்டிய இடத்தில் ஏறியது தப்பு என்று பதில் வருகிறது. தப்புதான் ஐயா. பூட்டியது யார் தப்பு என்றும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தால், அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் காட்டுவேன்.

அந்தக் கேட்டிலேயே போதைப்பொருள் ஒழிப்புப் பதாகை கட்டியிருக்கிறது. ‘இளைஞர்களே, விளையாட்டில் கவனம் செலுத்துங்கள்’ என்கிறது. பதாகைக்குக் கீழே பூட்டு. விழா மேடை போட வந்த லாரிக்கு மட்டும் அது ஒரு காலை நேரம் திறந்தது.

கவுன்சிலரிடம் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்து நாங்கள் ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19. மன்றம் முடிந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, அதன் பிறகு தன் வார்டுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இல்லாமலே பத்தாவதை முடித்துவிட்டது. கொரோனா வருஷம் என்பதால் தேர்வுகூட எழுதாமல். அப்புறம் மன்றம் வந்தது, வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபையும் வந்தது. ஆண்டுக்கு நான்கு கூட்டம்: ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். போன கூட்டத்தில் எழுந்து திடலைப் பற்றித்தான் பேசினேன். குறிப்பேட்டில் ‘தெருவிளக்கு’ என்று எழுதியிருந்தார்கள். தெருவிளக்கும் எரியவில்லை என்பது வேறு கதை.

மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியத்துக்கா நிற்கிறாய் என்று என்னைக் கேட்கிறார்கள். ஓட்டுப் போட 18 வயது ஆக வேண்டும், நிற்க 21 ஆக வேண்டும். பதின்மூன்று வயதுக்காரி எதற்கும் ஆகமாட்டாள். அவளிடம் ஓட்டுக் கேட்டு யாரும் வரப்போவதில்லை. அதனால்தான் நிற்கிறேன். டெபாசிட் போனால் போகட்டும். அதற்கும் இந்தப் பூட்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்களுக்கு நூறு வார்டு வேலை இருக்கும், தெரியும். தயவுசெய்து மாலை நான்கு முதல் எட்டு வரை திடலையும் கழிப்பறையையும் திறந்துவிட உத்தரவிடுங்கள்.

வரும் திங்கட்கிழமை நான்கு மணிக்குப் பிள்ளைகள் கேட் முன்னால் நிற்பார்கள். பிரசாரம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். ரேஷன் கடைத் திண்ணையில்தான் இருப்பேன். திறந்தால் சத்தம் அங்கேயே கேட்கும்.

இப்படிக்கு,
தங்கள் மாநகராட்சிக்கு வரி கட்டும்,
மாலை வகுப்பு அக்கா