இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

இரண்டாம் தவணை முடிகிறது. தமிழ்த்தினப் போட்டிகளிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். புலமைப்பரிசில் வகுப்பின் உழைப்பும் பாராட்டுக்குரியது. தேர்ச்சி அறிக்கைகள் வெள்ளிக்கிழமை கிடைக்கும். எல்லாருக்கும் வாழ்த்துகள்.

சரி, காலையில் பிள்ளைகள் வந்து இறங்கும் விதம் பற்றி உங்களோடு பேசவேண்டும். முன் இருக்கையில் சீட் பெல்ட் இல்லாமலும், சிலவேளை அம்மாவின் மடியிலும் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள். பின் இருக்கையில் எழுந்து நின்றபடி வருவோரும் உண்டு. வாயிலில் நின்ற ஆசிரியர் ஒருவர் இதைச் சொன்னபோது, "பெல்ட் போடுவது எங்கள் தனிப்பட்ட விருப்பம்" என்று பதில் வந்தது.

வளர்ந்தவர் தன் உயிர் தன் பொறுப்பு என்று நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இலங்கையில் முன் இருக்கைக்கு இது 2011 முதல் சட்டம். பின்னால் பெல்ட் இல்லாமல் இருப்பவரோ, வாகனம் மோதினால் முன்னால் இருப்பவர் மேல்தான் போய் விழுவார். ஆறு வயதுப் பிள்ளையிடம் யாரும் விருப்பம் கேட்பதே இல்லை. நாம் இருத்திய இடத்தில் அது இருக்கிறது.

மடியில் இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பீர்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் மோதி நின்றால், 20 கிலோ பிள்ளையைப் பிடித்த கைகள் அந்தக் கணத்தில் 200 கிலோவுக்கு மேல் தாங்கவேண்டும். எந்தத் தாயாலும் முடியாது. மோதலில் சட்டென்று விரியும் எயார்பேக் உள்ள வாகனமென்றால் ஆபத்து இன்னும் கூட. அது வளர்ந்தவரின் உடலுக்கென்று செய்யப்பட்டது. கொழும்பு மெரைன் டிரைவில் காலை ஆறரைக்கு வாகனங்கள் எந்த வேகத்தில் போகின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

துறைமுகத்திலும் கட்டட வேலைத்தளங்களிலும் ஃபோர்க்லிஃப்ட் (சுமை தூக்கி), பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) ஓட்டும் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. இயந்திரம் சரிந்தால் வெளியே பாய்ந்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். பாய்ந்தவர் மேல்தான் பெரும்பாலும் இயந்திரத்தின் இரும்புக் கூரைச் சட்டகம் விழுகிறது. பெல்ட் போட்டு உள்ளே இருப்பவரைத்தான் அது காக்கும். மாலையில் நீங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று காத்திருப்பதும் எங்கள் மாணவர்தான்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். அடுத்த தவணை முதல், பாடசாலை விடும் நேரத்தில் பெல்ட் உள்ள வாகனத்தில் பிள்ளை பின் இருக்கையில் அமர்ந்து பெல்ட் போடும்வரை ஆசிரியர் அருகிலேயே நிற்பார். பின்னால் ஹோர்ன் அடித்தாலும் நிற்பார். இதில் விதிவிலக்கு இல்லை. பெல்ட் இல்லாத பழைய வான்களில் சின்னவர்களை முன்னால் ஏற்றவேண்டாம், யாரையும் நிற்க விடவேண்டாம் என்று சாரதிகளிடம் நீங்களும் சொல்லுங்கள்.

உங்களில் பெரும்பாலானோர் இதை ஏற்கெனவே ஒழுங்காகச் செய்கிறீர்கள். சொன்னவுடன் மாற்றிக்கொண்டவர்களுக்கும், பொறுமையான வான் சாரதிகளுக்கும் மனமார்ந்த நன்றி. விடுமுறைக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று ஊருக்குப் போகிறவர்கள் இரவுப் பயணத்திலும், பின் இருக்கையிலும் பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் தவணையில் சந்திப்போம்.

அன்புடன்,
அதிபர்