கதை கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு: அந்தப் பாம்பை எடுத்துவிடாதீர்கள்

கதை, திரைக்கதைப் பயிற்சி வகுப்புகள் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் படித்தவர்களில் நானும் ஒருவன். முதல் நாளே பலகையில் ஒரு வட்டம் வரைவீர்கள். நாயகனுக்கு அழைப்பு வரும், அவன் தயங்குவான், வழிகாட்டி ஒருவர் கிடைப்பார், சோதனைகளைத் தாண்டி அரிய பொருளை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவான். அமெரிக்கத் தொன்மவியல் அறிஞர் ஜோசப் கேம்பெல் 1949இல் 17 கட்டங்களாக வகுத்துச் சொன்ன இந்தப் பயணம், திரைக்கதைப் பாடத்துக்கு வந்தபோது 12 கட்டங்களாகச் சுருங்கியது. உலகக் காப்பியங்கள் எல்லாமே இந்த வட்டத்துக்குள் அடக்கம் என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

அப்படி ஒரு வகுப்பில் நான், இன்றைய ஈராக் பகுதியில் பிறந்த பழைய மெசொப்பொத்தேமியக் காப்பியமான கில்காமெஷின் கதையை எடுத்துச் சொன்னேன். கேட்டு முடித்த ஆசிரியர், "கைக்கு வந்த பரிசைக் கடைசியில் தொலைக்கிறான், அதனால் முடிவு பலவீனம். அந்தப் பாம்பை எடுத்துவிடுங்கள்" என்றார். சுற்றியிருந்தவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். ஆண்டுகள் பல ஆகியும் அந்தச் சொல் என்னை விடவில்லை. இந்த மடலை எழுத வைத்ததும் அதுதான்.

அந்தப் பாம்பு களிமண் பலகைகளில் எழுதப்பட்டு, நினிவே நகரத்து இடிபாடுகளுக்குள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்து, 19ஆம் நூற்றாண்டில் வெளியே வந்தது. அது அங்கே ஏன் இருக்கிறது என்று ஒருமுறையாவது யோசித்துப் பார்ப்போம்.

ஊருக் நகரத்து அரசன் கில்காமெஷ். அவன் நண்பன் எங்கிடு இறந்துபோகிறான். மூக்கிலிருந்து புழு விழும்வரை உடலைப் புதைக்க விடாமல் வைத்திருக்கிறான் கில்காமெஷ். தானும் ஒருநாள் இப்படிக் கிடப்போமே என்ற பயம்தான் அவனைக் கிளப்புகிறது. உங்கள் வட்டம் சொல்லும் அழைப்பு எதுவும் அவனுக்கு வரவில்லை. சாவின் நீர்ப்பரப்பைக் கடந்து, சாகாவரம் பெற்ற உத்னபிஷ்டிம் என்ற கிழவரைத் தேடிப் போகிறான். அவர் ஒரு சோதனை வைக்கிறார்: ஆறு பகல், ஏழு இரவு தூங்காமல் இரு. உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போகிறான்.

எழுந்ததும் "இப்போதுதான் கண்ணயர்ந்தேன்" என்று சாதிப்பான் என்று கிழவருக்குத் தெரியும். அதனால் அவன் தூங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ரொட்டி சுட்டு அவன் தலைமாட்டில் வைக்கச் சொல்கிறார் மனைவியிடம். அவன் விழிக்கும்போது முதல் ரொட்டி காய்ந்து கிடக்கிறது, இன்னொன்று தோல் போலாகிவிட்டது, ஒன்றில் பூஞ்சை பூத்திருக்கிறது. ஏழாவது மட்டும் இன்னும் தணலில். காலம் கழிந்ததை இவ்வளவு எளிமையாக, இவ்வளவு கொடுமையாகக் காட்டிய இடத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. தூக்கத்தையே வெல்ல முடியாதவன் சாவை எப்படி வெல்வான் என்று அங்கே யாரும் அவனிடம் கேட்பதில்லை. ரொட்டிகள் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

பிறகுதான் அந்தச் செடி. கிழவர் மனைவியின் இரக்கத்தால் அதன் இருப்பிடம் தெரிகிறது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் போய்ப் பறிக்கிறான். முதுமையை நீக்கி இளமை தரும் செடி. உடனே தின்றிருக்கலாம். தின்னவில்லை, ஊருக்குக் கொண்டுபோய் ஒரு கிழவருக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்கிறான். வழியில் குளிர்ந்த நீர்நிலை ஒன்றில் குளிக்க இறங்கும்போது பாம்பு வந்து செடியைக் கவ்விக்கொண்டு, சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போகிறது. அவன் உட்கார்ந்து அழுகிறான்.

வெறுங்கையோடு ஊருக்குத் திரும்பியவன், கூட வந்த படகோட்டியிடம் சொல்கிறான்: மதில்மேல் ஏறிப் பார், அடித்தளத்தைப் பார், சுட்ட செங்கல்லைப் பார். முதல் பலகையின் தொடக்கத்தில் நாம் கேட்ட அதே வரிகள் 11ஆம் பலகையின் முடிவில் அவன் வாயிலிருந்து வருகின்றன. பாம்பை எடுத்துவிட்டால் அவன் செடியோடு வந்து சேருவான். அப்புறம் அந்த மதிலை எதற்குப் பார்க்கப் போகிறான்?

ஹோமரின் கிரேக்கக் காப்பியமான ஒடிசியின் நாயகன் ஒடிசியஸும் உங்கள் வட்டத்துக்குள் அடங்குவதில்லை. கலிப்சோ என்ற தேவதை அவனுக்குச் சாகாவரம் தருகிறேன் என்கிறாள். கில்காமெஷ் உலகின் எல்லைவரை போய்த் தேடியது இவனுக்கு இருந்த இடத்திலேயே கிடைக்கிறது. தன் மனைவி சாகப் பிறந்தவள், அழகிலும் உனக்குக் குறைந்தவள்தான் என்று ஒப்புக்கொண்டே, வீட்டுக்குத்தான் போவேன் என்கிறான். 24 பகுதிகள் கொண்ட காப்பியத்தில் 13ஆவதிலேயே ஊர் மண்ணில் தூங்கியபடி கொண்டுவந்து இறக்கப்படுகிறான். கண் விழித்ததும் சொந்த மண்ணே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. திரும்பி வருவது கதையின் வால்பகுதி என்றீர்கள். ஹோமர் அதற்குப் பாதிக் காப்பியத்தைக் கொடுத்திருக்கிறார். இருபது ஆண்டு கழித்துச் சேர்ந்த இரவில்கூட, தோளில் துடுப்போடு இன்னொரு பயணம் பாக்கி இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லவேண்டி வருகிறது.

சுந்தர காண்டத்தில் தொலைத்தவன் ஒருவன், தேடிப் போகிறவன் வேறொருவன். அங்கே வட்டத்தின் நடுவில் யாரை நிறுத்துவீர்கள்?

மணிமேகலை இன்னும் தள்ளி நிற்கிறாள். அவள் புறப்படவே இல்லை. தூங்கும்போது தெய்வம் எடுத்துக்கொண்டு போய் மணிபல்லவத்தில் விடுகிறது. அங்கே கிடைக்கும் அமுதசுரபிக்கு ஒரு பழைய கதை உண்டு. அதைக் கையில் வைத்துப் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்ட ஆபுத்திரன்மேல் இந்திரன் சினந்து மழையைப் பெய்விக்கிறான். நாடு விளைகிறது. பசியென்று வருவார் யாருமில்லை. பஞ்சம் பட்ட நாட்டைத் தேடிக் கப்பலேறியவன் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில், தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர் விடுகிறான். வற்றாத பாத்திரம் இருந்தும் இட ஆளில்லை. பரிசு என்ற ஒற்றைச் சொல் இதைத் தாங்குமா?

கேம்பெல்மேல் எனக்குக் குறையில்லை. அவர் பல நாட்டுக் கதைகளைப் படித்துத் திளைத்த பிறகு அவற்றின் பொதுமையைத் தேடியவர். உங்கள் மாணவர்களோ ஒரு காப்பியத்தைக்கூடப் படிக்குமுன்பே வட்டத்தை வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு காப்பியத்தைத் திறந்தாலும் 12 பெட்டிகளுக்கு எது பொருந்தும் என்றுதான் தேடுகிறார்கள். பொருந்தாதது பிழையாகத் தெரிகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். வட்டத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். முதல் நாள் அந்த ஏழு ரொட்டிகளின் காட்சியைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசித்ததும் விளக்க வேண்டாம். பையன்களும் பெண்களும் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்