டெபியைப் பற்றி ஏன் பேச்சே இல்லை?

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடி எதையும் தேடிப் படிக்காமல், யாரிடமும் கதை கேட்காமல், 'இன்வின்சிபிள்' என்ற சூப்பர் ஹீரோ அனிமேஷன் தொடரின் முதல் பருவத்தின் 8 எபிசோடுகளையும் பார்த்து முடித்துவிட்டேன். கார்ட்டூன்தானே என்று அலட்சியமாக உட்கார வேண்டாம் என்று நீ எச்சரித்தபோதே, உள்ளே ஏதோ வைத்துக்கொண்டுதான் பேசுகிறாய் என்று தெரிந்துவிட்டது.

உன் அப்பாவின் கதை வேறு. முதல் எபிசோடில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும், "நல்ல கதை, பையனுக்குப் பறக்க வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அந்தப் பெயர்களுக்குப் பிறகுதான் கொலையே நடக்கிறது. ஆகவே இன்றுவரை அவருக்கு அந்தப் பையனின் சூப்பர் ஹீரோ தகப்பன் ஆம்னி-மேன் உத்தமன். நானும் கலைக்கவில்லை. 2021 மார்ச் 26 அன்று இது வெளியானபோது இவரைப் போல் பாதியில் எழுந்து போனவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள், பாக்கியசாலிகள்.

நீ அனுப்பிய வீடியோக்களையும் பார்த்தேன். முதல் முறை பார்க்கிறவர்களின் முகத்தைப் படம்பிடித்துப் போடுவது என்ன பழக்கமோ, ஆனால் பார்க்க ஆரம்பித்தால் விட முடியவில்லை. முக்கால் மணி நேரம் சிரித்துக்கொண்டு, சிப்ஸ் கொறித்துக்கொண்டு இருக்கிறார்கள். உலகைக் காக்கும் சூப்பர் ஹீரோ குழுவான கார்டியன்கள் ஒவ்வொருவரும் தம் வேலையில், தம் வீட்டாரோடு இருக்கும்போது அழைப்பு வருகிறது. தலைமையகத்தில் வந்து கூடுகிறார்கள். ஆம்னி-மேன் அவர்களில் ஒருவனான ரெட் ரஷ்ஷின் தலையை இரண்டு கைக்குள் வைத்து நசுக்குகிறான். அப்போது அந்த வீடியோக்காரர்கள் வாயிலிருந்து வரும் முதல் பேச்சைக் கவனித்தாயா? "இது அவன் இல்லை." யாரோ அவன் மனத்தை ஆட்டுவிக்கிறார்கள், வேறு யாரோ அவன் உருவத்தில் வந்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு காரணம் தேடுகிறார்கள். கொன்றவனுக்காகப் பார்வையாளரே வக்கீலாக நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மீசையும் அகன்ற தோளும் மகனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுமையும் இருந்துவிட்டால் போதும் போலிருக்கிறது.

உன் அறைத்தோழன் இதை மலிவான அதிர்ச்சி என்று சொன்னானாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தத் தொடருக்கு மூலமான ராபர்ட் கிர்க்மனின் காமிக்ஸ் 2003இல் தொடங்கியது. அதில் இந்தக் கொலை ஏழாவது இதழில்தான் வருகிறது. தொடரில் அதை முதல் எபிசோடின் கடைசிக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அதிர்ச்சி மட்டும் போதும் என்று நினைத்திருந்தால் கடைசிவரை மூடி வைத்திருக்கலாமே! நமக்கு முதலிலேயே சொல்லிவிட்டு, அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் சொல்லாமல் விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் சாப்பாட்டு மேசையில் உட்காரும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. அவன் "பாத்திரத்தை நகர்த்து" என்று சொன்னால்கூட மிரட்டலாகக் கேட்கிறது. முதல் எபிசோடை மறுபடி போட்டுப் பார்க்கச் சொல் உன் தோழனை. பயிற்சி என்று மகனை ஓங்கிக் குத்துகிறானே, அந்தக் குத்து அப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும்.

ரத்தம், ரத்தம் என்று எல்லாரும் பேசுகிறீர்கள். டெபியைப் பற்றி ஏன் பேச்சே இல்லை? ஆம்னி-மேனின் மனைவி, சக்தி எதுவும் இல்லாதவள், வீடு விற்றுக் கொடுக்கும் தொழில் செய்பவள். காயம்பட்டு நினைவின்றிக் கிடந்த கணவனின் கட்டில் அருகே உட்கார்ந்திருந்தவள். அவள் கையில்தான் கொலையின்போது அவன் போட்டிருந்த அந்த ரத்தம் படிந்த உடை கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, சூப்பர் ஹீரோக்களுக்கு உடை தைக்கும் ஆர்ட்டிடம் போகிறாளே, எனக்குக் கார்டியன்கள் செத்ததைவிட அந்த நடைதான் கனத்தது. அவளும் முதலில் அவனுக்கு ஒரு காரணம் தேடித்தான் பார்க்கிறாள், அந்த வீடியோக்காரர்களைப் போலவே. அவர்கள் 2 நிமிடத்தில் விட்டுவிட்டார்கள். 20 வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அப்படி முடியுமா? உண்மை தெரிந்த பிறகும் அதே ஆளுடன் ஒரே கூரையின் கீழ் முகம் மாறாமல் இருக்க வேண்டியிருக்கிறது. டெபிக்குக் குரல் கொடுத்த சாண்ட்ரா ஓ குரலை உயர்த்தாமலே அதைப் பேசியிருக்கிறார்.

கடைசி எபிசோடில் மகனைச் சுரங்க ரயிலுக்கு முன்னால் பிடித்து நிறுத்தும் காட்சியைப் பற்றி நீ நிறையச் சொன்னாய். கொடூரம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனைவி மேல் அன்பு உண்டு, அது வளர்ப்புப் பிராணி மேல் வைக்கும் அன்பு போன்றது என்று மகனிடம் சொல்கிறான். அதைத் திரையில் பார்த்துக்கொண்டு, கேட்டுக்கொண்டு நிற்கிறாள் அவள். அங்கே நிறுத்திவிட்டு எழுந்து போய் மாடியில் கொஞ்சம் நடந்துவிட்டுத்தான் மீதியைப் பார்த்தேன். 500 வருடம் கழித்து உனக்கென்று என்ன மிஞ்சும் என்று அடித்துக்கொண்டே கேட்கிறான் தகப்பன். நீங்கள் இருப்பீர்கள் அப்பா என்கிறான் மகன். தகப்பன் வெறுங்கையோடு பறந்து போய்விடுகிறான். அழுதானாம், அதற்காக அவன்மேல் இரக்கம் வந்ததாம் உனக்கு. எனக்கு வரவில்லை. வீட்டில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறவனுக்கு என்ன இரக்கம்?

இரண்டாம் பருவமும் பார்க்கச் சொல்கிறாய். கதையைச் சொல்லிவிடாதே, ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது. டெபி அவனை மன்னித்து வீட்டுக்குள் விடுகிறாளா? விடுகிறாள் என்றால் எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அன்புடன்,
அம்மா