தோப்புக்குள் வரும் லாரிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டு செப்டிக் டேங்க் கழிவை எடுத்துப் போகும் லாரி ஒன்று ராத்திரியில் ஓடையில் கொட்டப் போய், ஊர்க்காரர்கள் மடக்கிப் பிடித்த செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். ஓடையில் கொட்டுவது தப்பு, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் இந்த லாரிகள் ஓடைக்கு மட்டும் போவதில்லை. தோட்டம் தோப்புகளுக்கும் வருகின்றன, அதுவும் விவசாயி சம்மதித்து, சில நேரம் கேட்டு வாங்கியே வருகின்றன. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் அப்படி வாங்கி விட்டவன், அதனால் எழுதுகிறேன்.

கோவை மாவட்டத்தில் எனக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போய், அடுத்த கோடையில் மரமெல்லாம் மட்டை தொங்கி நின்றது. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. அந்த நேரத்தில்தான் லாரி டிரைவர் தம்பி ஒருவர் வந்து, "அண்ணா, உங்க தோப்புல இறக்கிக்கட்டுங்களா? தண்ணிக்குத் தண்ணியும் ஆச்சு, எருவுக்கு எருவும் ஆச்சுங்க" என்றார். காய்ந்து நிற்கிற மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. ஹோஸைப் பிடித்து நேராக வட்டப்பாத்திக்குள்ளேயே விட்டோம். அடுத்த மழைக்குள் மட்டையில் கரும்பச்சை ஏறிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு, லாரிக்காரர் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் காய் வெட்டு வந்தது. தென்னை உயரத்தில் காய்க்கிறது, கீழே இருக்கிற அசிங்கம் அதற்கு எட்டாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் வெட்டிய குலை வந்து விழுவது அதே பாத்தியில்தான். காய் அந்த மண்ணில் உருளும். அதை வெறுங்கையால் பொறுக்கி, கூடையில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் பெண்கள். உரிக்கிற ஆளும் அந்தக் காயை வெறுங்கையால் பிடித்துத்தான் உரிப்பார். அன்றைக்குப் பாத்தியில் நாப்கின், ஷாம்பு பாக்கெட், துருப்பிடித்த பிளேடு எல்லாம் கிடந்தன. பொறுக்க வந்த அக்கா ஒருவருக்குக் காலில் சேற்றுப்புண் மாதிரி வந்து, மாதக்கணக்கில் ஆறவில்லை. "என்னமோ தெரியல சாமி" என்றாரே தவிர, என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. புண் பிடித்த அந்தக் காலை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் கிணற்றில் அதைத் தாண்டியிருந்தது. யூரியாவால் வந்ததா, லாரியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் போட்டது நான்தான். கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீர் ஆகாது என்றார்கள். வீட்டில் அப்போது பேத்தி பிறந்து ஆறு மாதம்.

அன்றிலிருந்து, தெரிந்தவர்களையெல்லாம் கேட்டும் கிடைத்ததையெல்லாம் படித்தும் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டேன். லாரி வாங்குகிற எல்லா விவசாயிக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சத்துக் கணக்கு. அமெரிக்காவில் செப்டிக் டேங்க் கழிவை நிலத்தில் விடுவதற்கு 1993-லேயே விதி போட்டிருக்கிறார்கள். எவ்வளவு விடலாம் என்பதை நிலத்தின் அளவை வைத்துச் சொல்வதில்லை, பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தை (நைட்ரஜனை) வைத்துச் சொல்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 5,000 லிட்டர் லாரி ஒன்றில் பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதாவது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல் யூரியா. ஒரு தென்னைக்கு வருடத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் தழைச்சத்து 560 கிராம். ஒரு லாரி மூன்று மரத்துக்குக்கூட முழுசாகக் காணாது என்றுதான் தோன்றும். ஆனால் ஏக்கருக்கு எழுபது மரம் என்று வைத்தால் வருடத்துக்கு இருபத்தைந்து லாரிதான் எல்லை, அதுவும் வேறு உரமே போடாமல் இருந்தால். எங்கள் பக்கம் ஒரே மூலையில், தடம் நல்லா இருக்கிற இடமாகப் பார்த்து, வாரத்துக்கு நாலு லாரி இறக்குகிறார்கள். அந்த மூலை நிலம் குடிக்க முடியாததெல்லாம் கிணற்றுக்குத்தான் போகும்.

அடுத்தது புழு. வயிற்றில் வளரும் உருளைப்புழுவின் முட்டை லேசில் சாகாது. மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் அந்த அமெரிக்க விதியில் காத்திருக்கும் காலம் ஒவ்வொரு பயிருக்கும் வேறு வேறாக இருக்கிறது. மண்ணைத் தொடாத பயிருக்கும் தீவனத்துக்கும் 30 நாள். மண்ணைத் தொட்டுக்கொண்டு மேலே காய்ப்பவற்றுக்கு 14 மாதம். மண்ணுக்குள் விளைவதற்கு 38 மாதம் வரை. எங்கள் ஊர்ப் பயிர்களை நினைத்துப் பாருங்கள்: சின்ன வெங்காயம், மஞ்சள், நிலக்கடலை. எல்லாம் மண்ணுக்குள்ளே. போன மாதம் லாரி இறக்கிய காட்டில் இந்த மாதம் வெங்காயம் நடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வெங்காயத்தைப் பச்சையாகத்தான் கடித்துக்கொண்டு கம்பங்கூழ் குடிக்கிறோம்.

சுண்ணாம்பு கலந்து, கார அமில அளவு (pH) 12-க்கு ஏறி அரை மணி நேரம் அப்படியே நின்றால் கிருமி பெரும்பாலும் அடங்கும் என்கிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ போட வேண்டும். நல்ல வழிதான், நாற்றமும் குறையும். ஆனால் எங்கள் மண் ஏற்கெனவே சுண்ணாம்பு மண். இன்னும் சுண்ணாம்பு ஏற்றினால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் குருத்து வெளுக்கும். அதனால் நான் குழிக்கு மாறினேன்.

இது புதுசு ஒன்றுமில்லை. என் அப்பா காலத்தில் நகராட்சி கம்போஸ்ட் மாட்டு வண்டியில் வரும். குப்பையையும் மலத்தையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு மட்க வைப்பதை 'பெங்களூர் முறை' என்றே சொல்வார்கள். நான் கிணற்றுக்கு எட்டத்தில், மேட்டுப் பாங்கான இடத்தில் இரண்டு குழி எடுத்தேன். லாரி ஒரு நேரத்தில் ஒரு குழியில்தான் இறக்கும். நிரம்பியதும் மட்டையையும் சருகையும் போட்டு, மண் மூடி, கம்பி கட்டிவிட்டு அடுத்த குழிக்குப் போவோம். நம் ஊர் வெயிலில் ஒரு வருடத்துக்கு மேல், புதுசாக எதுவும் சேர்க்காமல் போட்டு வைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் சொல்லியிருக்கிறது. நான் பதினைந்து மாதம் விடுகிறேன். முதல் குழியைத் திறந்தபோது கையில் உதிர்கிற கறுப்பு மண்தான் இருந்தது, வாடையே இல்லை. அதையும் கையுறையும் பூட்ஸும் போட்டுத்தான் அள்ளுகிறோம், மரத்தைச் சுற்றிக் கொத்தி உள்ளே மூடிவிடுகிறோம்.

வாசலில் ஒரு நோட்டு தொங்குகிறது. தேதி, வண்டி எண், எத்தனை லிட்டர், எந்த வீட்டு டேங்க் என்று டிரைவர் எழுதிவிட்டுத்தான் ஹோஸைக் கழற்ற வேண்டும். சாயப்பட்டறை, ஒர்க் ஷாப், ஹோட்டல் எண்ணெய்க் கழிவு கலந்த லோடு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மலத்தில் வருகிற கிருமி காலப்போக்கில் செத்துவிடும், சாயத்தில் வருகிற உலோகம் மண்ணை விட்டுப் போகாது.

இவ்வளவையும் முறையாகப் பதிந்துகொள்ளலாம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "இதுக்கெல்லாம் விண்ணப்பமே கிடையாதுங்க, கண்டும் காணாம விட்டுடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்குச் சுருக்கென்றது அங்கேதான்.

கசடு கழிவு, அதாவது செப்டிக் டேங்க் கழிவு, மேலாண்மைக்குத் தமிழ்நாடு 2014-லேயே வழிகாட்டு நெறிமுறை கொண்டுவந்தது. 2017-இல் தேசியக் கொள்கையும் வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியிலும் எங்கள் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்திலும் கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. லாரி போக வேண்டிய இடம் அதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் நிலையம் தூரத்தில் இருந்தால் டீசல் கணக்குப் பார்க்கிற லாரிக்காரர் பக்கத்துத் தோப்பைத்தான் தேடுவார். நிலையம் எல்லா ஊருக்கும் வந்து சேரும் வரையாவது, கழிவு இறங்குகிற நிலம் எது என்று அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலத்தின் கிணற்றை வருடத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். அங்கே எந்தப் பயிர் எப்போது வைக்கலாம் என்பதை வேளாண் அலுவலர் எழுதித் தர வேண்டும். நிலையங்களில் காய்ந்து, பரிசோதனையில் தேறிய கசடைத் தென்னைக்குக் கொடுத்தால், காசு கொடுத்து வாங்க நான் தயார்.

இரண்டாவது குழியை வரும் சித்திரையில் திறப்பேன். வேளாண் துறையிலிருந்து யாராவது வந்து பார்க்க விரும்பினால், நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தென்னை விவசாயி ஒருவர்,
கோவை மாவட்டம்.