முதியவரை மலைச்சாலையில் விட்டுச் செல்லாதீர்கள்: பாதயாத்திரைக் குருசாமிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொடைக்கானல் மேல்மலை, கீழ்மலை ஊர்களிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை அழைத்துச் செல்லும் குருசாமிகளுக்கு வணக்கம்.

கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் மலைச்சாலை ஏறத்தாழ 64 கிலோமீட்டர் என்பதும், பெருமாள்மலை தாண்டிய பிறகு தை மாத மூடுபனியில் எதிரே வரும் பேருந்தின் விளக்குகூட வளைவு திரும்பும்வரை தெரியாது என்பதும் நீங்கள் அறிந்தவையே. இறக்கத்தில் உடம்பின் பாரம் முழுவதும் முழங்காலில் விழும். இளவட்டங்கள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். பிள்ளையின் உடம்பு தேற வேண்டுமென்று நேர்ந்துகொண்டு வரும் தாய்க்கு அப்படியல்ல.

சென்ற ஆண்டு வளைவு ஒன்றில் அப்படியொரு தாயைக் கண்டேன். தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார். வீங்கிய கணுக்காலில் ஈரத்துண்டு சுற்றியிருந்தது. அவருடைய காவடியைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டு மகன் அருகில் நின்றான். வண்டியில் ஏறினால் சாமி குத்தம் என்று சொல்லிவிட்டு அவர்களுடைய குழு முன்னே போய்விட்டது. தாயை விட்டுப் போகவும் மனமில்லாமல், விரதம் முறிந்துவிடுமோ என்ற அச்சமும் நீங்காமல் அந்தப் பிள்ளை கலங்கியதை என்னால் மறக்க முடியவில்லை.

குருசாமிகளே, சிவகிரியையும் சக்திகிரியையும் காவடியாகச் சுமந்து வந்த இடும்பன் தனியாக வரவில்லை. இடும்பியும் உடன் வந்தாள். முருகனோடு போரிட்டு அவன் மாண்டபோது அவள் அழுது வேண்டியதற்கு இரங்கித்தான் பெருமான் அவனை உயிர்ப்பித்தார் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த இடும்பனை வணங்கிவிட்டு மலையேறுகிற நாம், உடன் வந்தவரை வழியில் விடலாமா? படியேற முடியாதவர்களுக்காகப் பழனி மலையிலேயே விஞ்ச் ரயிலும் ரோப்காரும் ஓடுகின்றன. அவற்றில் ஏறுவோரை யாரும் குற்றம் சொல்வதில்லை.

ஆகவே, நடை தளர்ந்தவர்களை முன்னே விட்டு, ஒளிரும் பட்டை அணிந்த இளைஞர்களைப் பின்னே நிறுத்துங்கள். காட்டெருமை நடமாடும் பகுதிகளை இருட்டுவதற்குள் கடந்துவிடுங்கள். ஒரு ஜீப்பாவது உடன் வரட்டும். முடியாதவர் அதில் ஏறினால், அவருடைய காவடியை மகனோ மகளோ எடுத்துச் செலுத்தலாம் என்று மாலை போடும் நாளிலேயே, எல்லா வீட்டாரும் கூடியிருக்கும்போது சொல்லிவிடுங்கள். பாதி வழியில், பனியில் நின்றபடி அதை முடிவுசெய்யும் பாரம் இன்னொரு பிள்ளையின் தலையில் விழ வேண்டாம்.

இப்படிக்கு,
மேல்மலையிலிருந்து ஒரு முருக பக்தன்